காரைக்குடி பக்கம் புத்தகம் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

28,000 ரூபாய். புத்தகப் பக்க வடிவமைப்புக்காகக் கொடுத்த பணம். கையில் இருப்பது அச்சுக்கு அனுப்ப முடியாத ஒரு பிடிஎஃப் மட்டும். அப்பச்சியின் (அப்பாவின்) சதாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம் இது. இன்றைக்கும் அந்தக் கடையில் போனை எடுக்கவில்லை, அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புத்தகம் எல்லாம் அடித்துக்கொடுத்துவிட்டு, பலகையில் நூல் வடிவமைப்பு என்றும் ஒரு வரி சேர்த்திருக்கும் வகைக் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் லேவாதேவி செய்தவர். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியிலிருந்து அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களும், இங்கிருந்து போன பதில்களின் நகல்களும் பெட்டகத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடிப்பதற்கு முன்பு வரை உள்ள கடிதங்கள். அவற்றைப் படித்து, தட்டச்சு செய்து, யார் யார், எந்த ஊர், எந்தக் கடை மேலாள் (பொறுப்பாளர்), எந்தக் கடை அடுத்தாள் (உதவியாளர்) என்று குறிப்பெழுதியது நான்தான். கடைசியில் ஒரு பெயரடைவு, நாற்பது பக்கத்துக்கு. கடிதங்களை யாரும் வரிசையாகப் படிக்கப் போவதில்லை. தங்கள் பாட்டனார் பெயர் வருகிறதா என்று அடைவைத்தான் முதலில் திறப்பார்கள்.

எங்கள் அடைவில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் முத்தையா மட்டும் ஒன்றரைப் பக்கம் வருகிறார், பழனியப்பன் அதற்கும் மேல். பெயரோடு விலாசத்து எழுத்துகளும் (முகவரி அல்ல, பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்துகள்) இருந்தால்தான் இன்னார் என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆகவே அகராதிகளில் இருப்பதுபோல இடப்பக்கத்து மேல்வரியில் அந்தப் பக்கத்தின் முதல் பதிவும், வலப்பக்கத்து மேல்வரியில் கடைசிப் பதிவும் விலாசத்துடன் வர வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டாமலே தேடுகிற ஆள் இங்கே இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான், அதையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கடையில் இருந்த தம்பி தாளைப் படித்துவிட்டுச் சிரித்த முகமாக, "இதெல்லாம் தானாக வந்துவிடும், ஆச்சி" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓர் ஆங்கில மாதிரிக் கோப்பைத் திறந்தார். ஒரு பத்தியை வெட்டி அடுத்த பக்கத்தில் ஒட்டினார். மேல்வரி என் கண்ணெதிரே மாறியது. திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார், அதுவும் திரும்ப மாறியது. "தமிழுக்கும் இதேதான், ஆச்சி. நீங்கள் கடைசி நாள் வரை திருத்தலாம், தலைப்பும் பக்க எண்ணும் கூடவே ஓடிவரும்." காப்பி வாங்கிக் கொடுத்தார், அப்பச்சியின் உடம்பைப் பற்றி விசாரித்தார், எங்கள் கோவில் எது என்று கேட்டு, இளையாற்றங்குடி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த இடத்திலேயே 18,000 கொடுத்தேன். முதல் மெய்ப்பு (அச்சுக்கு முன் திருத்திப் பார்க்கும் படி) வந்ததும் மீதி 10,000. மொத்தம் 28,000 ரூபாய்.

முதல் மெய்ப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் மேல்வரி, கீழே மெல்லிய கோடு. அதற்குப் பிறகு தேவகோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன அயித்தை தன்னிடம் இருந்த சில கடிதங்களைக் கொடுத்தனுப்பினார். இரண்டு முறை திருத்தம் விலைக்குள் அடக்கம் என்று பேசியிருந்ததால் அவற்றைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துத் தந்த மெய்ப்பைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. மேல்வரியில் ‘கோட்டையூர்’, கீழே பக்கம் முழுவதும் சொக்கலிங்கங்கள். அடைவு சொல்லும் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பெயர் இரண்டு பக்கம் தள்ளி இருக்கிறது. நூலின் முன்பகுதியில் இரண்டு பக்கம் கூடியிருக்கிறது, அடைவுக்கு அது தெரியவே இல்லை.

வரிசையாவது சரியா என்று பார்த்தால் அதுவும் இல்லை. காரைக்குடிக்கு முன்னால் கானாடுகாத்தான். பழனிக்கு முன்னால் பள்ளத்தூர். கண்டனூருக்கு முன்னால் கணக்குப்பிள்ளை. ‘ன’ கடைசி எழுத்து, ‘ழ’வுக்குப் பிறகுதான் ‘ள’, புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் என்று ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையில் ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ள’வுக்கு அடுத்து ‘ழ’, புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால். கணினி அந்த எண்ணைப் பார்த்து அடுக்கியதை அப்படியே என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தமிழில் புத்தகம் வடிவமைக்கிறோம் என்று பலகை வைத்தவர்கள், ஒரு முறைகூடக் கண்ணால் ஓட்டிப் பார்க்கவில்லை.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "உங்கள் கணினியில் அப்படித் தெரிகிறது, அச்சில் சரியாக வரும்" என்றார். தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "அந்த வேலையைச் செய்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்." பையன் வந்த பிறகு, "மென்பொருளின் புதிய பதிப்பு வாங்கினால்தான் முடியும், ஆச்சி, ஆறாயிரம் ஆகும்." கடைசியில் ஒரு நாள் குரலை உயர்த்தி, "தமிழுக்கு இது வராது, எல்லா இடத்திலும் கையால்தான் போடுகிறார்கள்" என்றார். தமிழுக்கும் இதேதான் என்று என்னை உட்காரவைத்துச் சொன்ன அதே வாய்! மூலக் கோப்பைக் கேட்டதற்கு, அதற்குத் தனியாகப் பணம் என்றார். விடாமல் கடைவாசலில் நின்றதில், என்னை அனுப்பிவைத்தால் போதும் என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் மகள் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் இதே வேலையில் இருக்கிறாள். கோப்பை அவளுக்கு அனுப்பினேன். திறந்து பார்த்துவிட்டு உடனே அழைத்தாள். "அயித்தை, இதில் தானாக ஓடுகிறது என்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கத் தலைப்பும் தனித்தனியாகக் கையால் அடித்தது. அடைவில் இருக்கும் பக்க எண்ணும் கையால் அடித்ததுதான்." உரையில் ஒரு பெயருக்குக்கூட அடைவுக் குறி வைக்கவில்லையாம். குறி வைத்து அடைவை உருவாக்கியிருந்தால், இரண்டு பக்கம் கூடினாலும் மறுபடி ஒரு முறை உருவாக்கினால் எண்கள் சரியாகிவிடும். வரிசைக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும், எதை வைத்து அடுக்க வேண்டும் என்று தனியாக எழுதிக்கொடுக்க அந்த மென்பொருளில் ஒரு கட்டமே உண்டு.

பக்கத் தலைப்புக்கான வசதி இன்டிசைனில் 2007-இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. டெக்ஸ்ட் வேரியபிள் என்பார்கள். இந்தப் பாணியில் (ஸ்டைலில்) உள்ள எழுத்தில் பக்கத்தின் முதலாவதை எடு, அல்லது கடைசியை எடு என்று எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பக்கத்தில் (புதிய பதிப்புகளில் பேரன்ட் பக்கம்) ஒரு முறை வைத்துவிட்டால் போதும். அடைவில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு: பத்திப் பாணியைச் சுட்டினால் ‘காரைக்குடி 12, 45, 78’ என்று எண்களும் சேர்ந்து தலைப்பில் ஏறிவிடும். பெயருக்கும் விலாசத்துக்கும் மட்டும் தனி எழுத்துப் பாணி கொடுத்து அதைச் சுட்ட வேண்டும். அடைவை மறுபடி உருவாக்கினால் அந்தப் பாணி போய்விடும் என்பதால், இதை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். என்னிடம் இன்டிசைன் இல்லை. போனிலேயே சொல்லிச்சொல்லி என் வேர்டில் செய்யவைத்தாள். ஸ்டைல்ரெஃப் என்று ஒரு புலம் (ஃபீல்டு), கடைசிப் பதிவு வேண்டுமானால் அதோடு பின்சாய்கோடும் எல் எழுத்தும். முத்தையாவும் பழனியப்பனும் விலாசத்தோடு, தமிழில், மேல்வரியில் வந்து நின்றார்கள். வராதாம் தமிழுக்கு! 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்ன பொய் இது.

இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலை செய்து கொடுத்தாகிவிட்டது" என்று போனை வைத்தவர்தான். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. பணம் போன வங்கிக் கணக்கு விவரம், முதல் நாள் எழுதிக் கொடுத்த தாளின் நகல், கோப்பு, இரண்டு மெய்ப்புகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

புத்தகம் போடுகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. உங்கள் கோப்பிலேயே, தமிழிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், ஆங்கில மாதிரியை நம்பாதீர்கள். மெய்ப்பு வந்ததும் நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லி, தலைப்பும் அடைவு எண்ணும் நகர்கின்றனவா என்று பாருங்கள், அதற்கு முன் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பு உங்களுக்கே என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அடைவு வரிசையில் ‘ன’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் முதலில் பாருங்கள். அண்ணன் மகள் ராத்திரி வேளைகளில் எங்கள் அடைவை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள். இப்போது ‘ச’ வரை வந்திருக்கிறது.