எடையா, ஓட்டமா, இரண்டுமா?

தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவரை சைக்கிளில் ஏற்றி ஒரு மேட்டை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். எனக்கு நடந்தது இதுதான்: மூச்சு சீராகவே இருந்தது, முன்தொடை மட்டும் நெருப்பாக எரிந்தது. இதயத்துக்குப் பழகிய வேலை, தொடைக்குப் புது வேலை. எந்த வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோமோ அதற்குத்தான் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது.

ஐந்து தடவைக்கு மேல் தூக்க முடியாத கனத்தோடு பயிற்சி செய்தால் முதலில் மாறுவது நரம்பு. முதல் சில வாரங்கள் கண்ணாடியில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் தூக்குகிற எடை கூடிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் அதிகத் தசை இழைகளை வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொள்வதுதான் காரணம். தசை தடிப்பது அப்புறம். எலும்பும் வேலைக்கேற்ப மாறுகிறது: டென்னிஸ் வீரர்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமன். தசையை எலும்போடு இணைக்கிற நாண்கள்தான் மந்தம். தசைக்கு வந்த தெம்பை நம்பி எடையைச் சடசடவென்று ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஓட்டத்தின் பலன் சீக்கிரமே தெரியும். சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தமும் கூடுகிறது. தசைக்குள் ரத்த நுண்குழாய்களும் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வாரங்கள் ஆகும். ஆனால் சீக்கிரம் வந்தது சீக்கிரம் போகும். இரண்டு வாரம் பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்பினால் ஓட்டத்தில் மூச்சு வாங்கும், தூக்குகிற எடையில் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது.

சரி, இரண்டையும் சேர்த்துச் செய்தால்? 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் மூன்று குழுக்களைப் பத்து வாரம் பழக்கினார்: ஒன்றுக்கு எடை மட்டும், ஒன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒன்றுக்கு இரண்டும். இரண்டையும் செய்த குழுவின் பலம் ஏழாவது வாரம்வரை நன்றாக ஏறியது, பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. தாங்குதிறன் மட்டும் கெடவில்லை. இதைக் காட்டித்தான் “ஓடினால் தசை போய்விடும்” என்று ஜிம்மில் பயமுறுத்துகிறார்கள். ஆனால் அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் செய்தது. வேலைக்குப் போகிற யார் அப்படிச் செய்யப் போகிறார்கள்?

வாரம் இரண்டு நாள் எடை, மூன்று நாள் ஓட்டம் என்றால் இந்த ரெட்டைக் குதிரைச் சவாரி தாராளமாக ஓடும் என்பது என் கட்சி. பளுதூக்கும் போட்டிக்கோ மாரத்தானில் நேரம் குறைக்கவோ போகிறவர்கள் மட்டும் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டும் என்றால் எடையை முதலில் முடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து ஓடுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை ஸ்குவாட், அதாவது எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. வியாழன் நீண்ட தூரம் ஓடிய வாரங்களில், முறைத்துக்கொண்டு நிற்காமல் கம்பியில் ஐந்து கிலோ குறைத்துவிடுகிறேன்.