அடிக்காத வெள்ளைக்கு 28,000 ரூபாய்

சென்னை மடிப்பாக்கத்தில் ஐந்து வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். வாடகை 14,000, அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு 1,40,000. திரும்பக் கைக்கு வந்தது 1,01,500. அதற்கே நான்கு மாதம் நடையாய் நடந்தேன்.

சாவி வாங்க வந்த வீட்டுக்காரர் பென்சிலும் கையுமாக வந்தார். ஒவ்வோர் ஆணித் துளையையும் சுற்றி வட்டம் போட்டு எண்ணினார். சாமி படம், காலண்டர், கொசுவலை என்று மொத்தம் பதினெட்டு. துளைக்கு 250 வீதம் 4,500. மோட்டார் பராமரிப்பு என்று 6,000. வெள்ளையடிக்க இரண்டு மாத வாடகை, 28,000.

"ஐந்து வருடத்தில் சுவர் அழுக்காகாதா சார்?" என்றேன்.

"ஒப்பந்தத்தில் ஏழாவது வரியைப் பாருங்கள் தம்பி" என்றார். இருந்தது. புரோக்கர் அவசரப்படுத்திய அன்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் நான் படிக்காமல் போட்ட கையெழுத்தும் இருந்தது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்றவைதான் நம் தலையில். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். ஆனால் "வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர" என்று ஒரு சந்து வழியையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான். (சட்டம் எழுதியவர்கள் யாரும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடியதில்லை போலும்.)

சரி, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போகலாம் என்றால் அடுத்த இடி. ஒப்பந்தத்தை அவரிடம் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டுமாம். பதிவாகாத தாள் சாட்சியமாகாது. "பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு?" என்று புரோக்கர் சொன்னது பத்திரப் பதிவுக்குப் பொருந்தும், இதற்கு அல்ல. உரிமையாளர் வராவிட்டாலும் வாடகைதாரரே தனியாக விவரங்களைத் தாக்கல் செய்யலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவைப் பற்றிக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

போன வாரம் தபால் வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் பதினெட்டு பென்சில் வட்டங்களும் அப்படியே இருந்தன. கதவு நிலையில் என் மகளின் உயரத்துக்கு வருடாவருடம் போட்ட கோடுகளும் இருந்தன. புதிதாகக் குடிவந்த பையனிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழாவது வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.