கொப்பிக்கு எந்தத் தாள்? மரம், கழிவுத்தாள், வைக்கோல், கரும்புச்சக்கை

கொட்டாஞ்சேனையில் எங்களுடையது சின்ன அச்சகம். ஜனவரியில் பாடசாலை தொடங்குவதற்கு முன் கொப்பி அடித்து முடிக்க வேண்டும் என்பதால், வருடக் கடைசிக்குள் தாள் வாங்கிவிடுவோம். இந்த முறை விலையோடு இன்னொரு கேள்வியையும் மலிபன் வீதிக்குக் கொண்டுபோனேன். எந்தத் தாள் குறைந்த எரிபொருளில், குறைந்த அழுக்கோடு உருவானது?

வழக்கமாகத் தாள் எடுக்கும் கடை நானா கொஞ்சம் யோசித்தார். "தம்பி, வெள்ளையா இருக்கா, மை ஊறாம நிக்குமா எண்டுதான் எல்லாரும் கேப்பாங்க. இத ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். ஆனாலும் இருந்த சரக்கையெல்லாம் எடுத்துக் காட்டினார். இந்தோனேசியாவிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள், இந்தியாவின் கரும்புச்சக்கைத் தாள், கொஞ்சம் சாம்பல் நிறமான மறுசுழற்சித் தாள். வைக்கோல் தாள் அங்கே இல்லை. ஆனால் எங்கள் நாட்டில் தாள் பற்றிப் பேசினால், வைக்கோலில் தாள் செய்த வாழைச்சேனை ஆலையை விட்டுவிட முடியாது, அதனால் அதையும் சேர்த்தே பார்த்தேன்.

நாரைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாள் இயந்திரத்தின் முன்வாயில் ஓடும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர், நார் ஒரு பங்குதான். வலையில் வடிந்தும் உறிஞ்சப்பட்டும் அதில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து உருளைகளுக்கிடையே பிழிவார்கள். மிச்சத்தை நீராவியால் சூடான உருளைகளில் ஓட்டிக் காய வைப்பார்கள். இயந்திரம் தின்னும் வெப்பத்தில் பெரும் பங்கு இந்தக் காய வைப்புக்குத்தான் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பிழிந்து வரும் ஈரத்தாளில் 40 சதவீதம் நார் என்றால், ஒரு தொன் நாரோடு ஒன்றரைத் தொன் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். ஆக, அந்த ஒரு தொன்னைக் காய வைக்க 940 யூனிட் அளவு வெப்பம். இழப்புகள் இதற்கு மேலே. அதையே 50 சதவீதம் வரை பிழிந்துவிட்டால் 630 யூனிட் போதும். ஒவ்வொரு ஒரு சதவீதக் கூடுதல் பிழிவுக்கும் நீராவி நாலு சதவீதம் குறையும் என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 1980களில் பரவிய அகலப் பிழிவு உருளைகள், 'ஷூ பிரஸ்' என்பவை, இதற்காகவே வந்தவை. ஆகவே எந்த நாரை எடுத்தாலும் என் முதற்கேள்வி இதுதான்: எவ்வளவு தண்ணீரைப் பிழிந்தார்கள், எவ்வளவைக் கொதிக்க வைத்துத் துரத்தினார்கள், எதை எரித்துத் துரத்தினார்கள்?

மரக்கூழைக் கெட்ட பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் நான் தொடங்கினேன். விஷயம் அவ்வளவு எளிது அல்ல. கிராஃப்ட் முறையில் மரச்சீவல்களை இரசாயனத்தோடு வேக வைக்கும்போது மரத்தில் பாதிதான் நாராகக் கிடைக்கும். மற்றப் பாதி, நாரை ஒட்டி வைத்திருக்கும் லிக்னினோடு சேர்ந்து, கருந்திரவமாகப் போகும். அந்தக் கருந்திரவத்தைச் சுண்டக் காய்ச்சி மீட்புக் கொதிகலனில் எரிப்பார்கள். எரியும்போது நீராவியும் மின்சாரமும் கிடைக்கும், இரசாயனமும் திரும்பக் கிடைக்கும். 1930களில் இந்தக் கொதிகலன் வந்த பிறகுதான் கிராஃப்ட் முறை உலகத்தையே பிடித்தது. நல்ல புது ஆலை ஒன்று தன் தேவைக்கு மேல் மின்சாரம் செய்து வெளியே விற்கவும் செய்கிறது.

அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, கூழ் ஆலையும் தாள் ஆலையும் வேறுவேறு இடத்தில் இருந்தால், கூழைக் காய வைத்துப் பொதியாகக் கட்டிக் கப்பலேற்றி, மறுபடி நனைத்துத் தாளாக்கி, இரண்டாம் முறையும் காய வைக்கிறார்கள். இரட்டைச் செலவு. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஆலையின் தாளுக்கு இந்தச் சுமை இல்லை. மற்றது, மரம் எங்கே நின்றது என்பது. சுமாத்திராவில் கரிச்சதுப்பு நிலத்தின் நீரை வடித்து நட்ட அக்கேசியாவா, பல வருடமாகப் பயிரிடப்படும் மேட்டு நிலத் தோட்டமா? சதுப்பு நிலம் காய்ந்தால், ஆயிரக்கணக்கான வருடமாக உள்ளே அடைந்து கிடந்த கரிமம் காற்றில் கலக்கிறது, தீயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. 2015 இல் இந்தோனேசியாவில் எரிந்த காடுகளின் புகை சிங்கப்பூர், மலேசியா வரை போனது நினைவிருக்கும். கொதிகலன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டாது.

வெளுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனிக் குளோரினால் வெளுத்த காலத்தில் ஆலைக் கழிவுநீரில் டையொக்சின் என்ற நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையொக்சைட்டுக்கு மாறிவிட்டன, பெட்டியில் 'ஈசிஎஃப்' என்று போட்டிருக்கும். 'டிசிஎஃப்' என்றால் குளோரின் எந்த உருவிலும் இல்லை, ஒக்சிசனும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும்தான். இந்த மூன்றெழுத்தைப் பார்க்காமல் வெள்ளைத் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பத்திரிகைத் தாளுக்கு மரத்தை அரைத்து எடுக்கும் கூழ் வேறு கதை. மரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தாளாகும், ஆனால் தொன்னுக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கேட்கும், தாளும் சீக்கிரம் மஞ்சளாகும். கொப்பிக்குச் சரிவராது.

அடுத்தது கழிவுத்தாள். மரத்தை வேக வைக்கிற வேலையோ அரைக்கிற வேலையோ இல்லை. தண்ணீரில் கரைத்து, மை நீக்கி, மறுபடி விரிப்பதுதான். மை நீக்குவதற்குக் காற்றுக் குமிழிகளைக் கூழுக்குள் விடுவார்கள், மை அவற்றில் ஒட்டி நுரையாக மேலே வரும். மொத்தச் சக்தியைக் குறைவாகச் செலவழிப்பதில் கழிவுத்தாள்தான் முன்னால் நிற்கிறது. குறையும் உண்டு. நார் ஒவ்வொரு சுற்றிலும் நொந்து குட்டையாகும், ஐந்து முதல் ஏழு சுற்று தாங்கும். மை நீக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை சேறாகக் கழியும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கழிவுத்தாளில் எரிக்கக் கருந்திரவம் இல்லை. ஆகவே ஆலைக்கு வேண்டிய நீராவிக்கும் மின்சாரத்துக்கும் எரிபொருள் வெளியிலிருந்து வர வேண்டும்.

கொழும்பில் இருந்து பார்த்தால் இதுதான் முடிச்சு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழிகிற மாதத்தில் ஆலைக்கு வரும் மின்சாரத்தில் நீர்மின் பங்கு கூடும். வரட்சியில் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் முழு மூச்சாக ஓடும். ஒரே இயந்திரம், ஒரே கூழ், ஆனால் புகை வேறு. நீராவியை உலை எண்ணெயில் எடுக்கிற ஆலையும் விறகில் எடுக்கிற ஆலையும் ஒன்றல்ல. 2005 இல் சீமைக்கிளுவையை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தார்கள். கிளையை வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம், மண்ணுக்கு நைதரசனும் சேர்க்கும். அந்த விறகில் கொதிகலன் ஓடுகிற மறுசுழற்சி ஆலையின் தாள் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

கழிவுத்தாளுக்கு இன்னொரு போட்டியும் கொழும்பில் இருக்கிறது. குப்பையோடு கலந்து நனைந்த தாளை யாரும் கூழாக்க மாட்டார்கள். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து மனிதர்களைப் புதைத்தது. அந்த மேட்டுக்குள் நாங்கள் வீசிய தாளும் எவ்வளவோ கிடந்திருக்கும். காற்றுப் படாமல் அழுகும் தாள் மீதேன் விடும். இப்போது கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், புதைப்பதைவிட அது நல்லதுதான். ஆனால் எரித்தால் ஒரு தடவை வெளிச்சம், அத்தோடு நார் முடிந்தது. போத்தல், பழைய பேப்பர் வாங்க வருகிறவரிடம் காய்ந்த தாளாகக் கொடுத்தால் அது இன்னும் சில பிறவி எடுக்கும்.

வைக்கோல் என்றால் மனம் இளகுகிறது. 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் தாள் ஆலை வந்தபோது, அதன் மூலப்பொருள் கிழக்கின் வயல்களில் கிடந்த வைக்கோல். எம்பிலிப்பிட்டியவிலும் 1970களின் கடைசியில் அதே வழியில் இன்னோர் ஆலை எழுந்தது. எங்கள் நெல், எங்கள் தாள் என்ற எண்ணம் எவ்வளவு அழகானது! ஆனால் நெல் வைக்கோலில் சிலிக்கா மிக அதிகம், பத்து சதவீதத்தையும் தாண்டும். கருந்திரவத்தைச் சுண்டக் காய்ச்சும்போது அது குழாய்களில் கல்லாகப் படிந்துவிடும். அதனால் மரக்கூழ் ஆலையைக் காப்பாற்றுகிற அந்த மீட்புக் கொதிகலன் இங்கே சரியாக ஓடுவதில்லை. எரிக்க முடியாத திரவம் நீர்நிலையைத் தேடிப் போகும். வாழைச்சேனைக் களப்பும் வலவை கங்கையும் இந்தக் கழிவால் பட்ட பாடு ஊரறிந்தது. போதாததற்கு வைக்கோல் நார் குட்டை, தண்ணீரை எளிதில் விடாது. மெதுவாக வடியும், ஈரமாகவே காய வைக்கும் உருளைக்கு வரும். முன்பு போட்ட கணக்கில் அது எங்கே விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் சும்மா கிடக்கிற பொருளும் அல்ல. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, வயலுக்கு வைக்கோல் எவ்வளவு வேண்டும் என்பது விவசாயிகளுக்கு மறுபடி உறைத்தது. கருந்திரவத்தை முழுதாகப் பிடிக்கும் வழி ஒன்று கண்முன் ஓடுகிறவரை, வைக்கோல் தாளை ஊர்ப்பாசத்துக்காக மட்டும் ஆதரிக்க என்னால் முடியாது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

கரும்புச்சக்கை இடைநிலை. சிலிக்கா வைக்கோலைவிட மிகக் குறைவு, திரவத்தை மீட்டெடுக்க முடியும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாட்டு அரசின் ஆலை 1980களிலிருந்து இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சக்கை சர்க்கரை ஆலையின் விறகு. அதைத் தாளுக்கு எடுத்தால் சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் கொடுக்க வேண்டும், அங்கே கைமாறாகப் போனதில் நிலக்கரியும் உண்டு. நம் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சக்கை கொதிகலனுக்கே போகிறது. எனவே கொழும்பில் இது இறக்குமதித் தாள்தான். தூத்துக்குடியிலிருந்து கடல் தூரம் குறைவு, கப்பல் செலவும் புகையும் ஆலைச் செலவுக்கு முன்னால் சின்னவை.

நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். கொப்பியின் உள்தாளுக்கு மறுசுழற்சி, கிடைக்காத அளவுக்குக் கரும்புச்சக்கை. மட்டைக்கு வெளுக்காத பழுப்பு போட். பத்திரம், சான்றிதழ் போன்று பல வருடம் நிற்க வேண்டியவைக்கு மட்டும், கூழையும் தாளையும் ஒரே வளாகத்தில் செய்யும் ஆலையின் மரக்கூழ்த் தாள். கல்யாண அட்டை கேட்கிறவர்களுக்குக் கேகாலைப் பக்கம் யானைப்பிண்டத்தில் செய்யும் கைத்தாளைக் காட்டுகிறேன். அதைக் காய வைப்பது வெயில்.

ஆனால் நாரை மாற்றியதைவிடப் பெரிய பலன் எனக்குக் கனத்தில்தான் கிடைத்தது. 20 சென்ரிமீற்றருக்கு 16 அளவில், 160 பக்கக் கொப்பிக்கு 80 தாள். 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 70 கிராம், என்றால் உள்தாள் 179 கிராம், 60 என்றால் 154. பத்தாயிரம் கொப்பிக்கு 256 கிலோ தாள் மிச்சம். அந்த 256 கிலோவோடு ஏறத்தாழ 380 லீற்றர் தண்ணீரை யாரோ எங்கோ கொதிக்க வைக்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது. எந்த ஆலையையும் திருத்தாமல் என் மேசையிலேயே செய்யக்கூடியது இது. மை மறுபக்கம் தெரியுமா என்பதுதான் பயம். 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போன நாட்களில், கையில் கிடைத்த மெல்லிய தாளில் அடித்துப் பார்த்திருந்தேன். போல்பொயின்ற் பேனைக்குப் பிரச்சினை இல்லை, மைப்பேனைக்கு மட்டும் கொஞ்சம் தெரியும்.

வெட்டும் இயந்திரத்தடியில் விழும் துண்டுகளுக்கு இப்போது இரண்டு சாக்கு வைத்திருக்கிறோம். மை படாத வெள்ளைத் துண்டு ஒன்றில், பிளாஸ்டிக் பூசிய மட்டை மற்றதில். "அண்ணை, ரெண்டையும் கலந்திராதீங்க" என்று வெட்டுகிறவருக்கு முதல் வாரம் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். சனிக்கிழமை சாக்கு எடுக்க வருகிறவர் வெள்ளைக்கு கிலோவுக்குக் கூட்டித் தருகிறார்.