தல்வாரா, நீலகிரியா? என்ஜின் சொன்ன தீர்ப்பு

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு மரத்தில் ஒரு போர்க்கப்பல் செய்து தர வேண்டியிருந்தது. நாங்கள் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம். உளி பிடிப்பது புதிதல்ல. எந்தக் கப்பல் என்பதுதான் கேள்வி. நம் கடற்படையின் தல்வார் வகையா, திட்டம் 17ஏ என்ற கப்பல் கட்டும் திட்டத்தில் வந்த நீலகிரி வகையா? கடைசியில் நீலகிரியைத் தேர்ந்தேன்.

அளவில் ஒப்பீடே இல்லை. தல்வார் சுமார் 4,000 டன், 125 மீட்டர். நீலகிரி 6,670 டன், 149 மீட்டர். தல்வார் வகையின் பிந்தைய கப்பல்களைப் போலவே நீலகிரியும் எட்டு பிரம்மோஸ் ஏவுகணைகளைச் சுமக்கிறது. தல்வாரின் முதன்மை ரேடார் சுழன்று தேடுகிறது. நீலகிரியின் நான்கு ரேடார் தகடுகள் அசையாமல் நின்று எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. பீரங்கியில் தல்வாருக்கே வெற்றி: அங்கே 100 மி.மீ., இங்கே 76 மி.மீ.

ஆனால் படகுக்காரன் முதலில் கேட்பது என்ஜினைப் பற்றித்தான். எங்கள் படகில் ஒருமுறை வெளிநாட்டு என்ஜின் பொருத்தினோம். 61 நாள் தடைக்காலம் முடிந்து எல்லாரும் கடலுக்குப் போன வாரத்தில் பம்பு பழுதாகி, உதிரிப்பாகம் வரும்வரை கரையிலேயே கிடந்தோம். வட்டி மட்டும் ஓடியது.

தல்வாரில் ஓடுபவை நான்கும் வாயு டர்பைன்கள், உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் செய்தவை. டர்பைன் பெரும்பழுதானால் கப்பலுக்குள்ளே வைத்துச் சரிசெய்வதில்லை. தூக்கி வெளியே எடுத்து, வேறொன்றை இறக்குவார்கள். ஆகவே மாற்று டர்பைன் எங்கிருந்து வரும் என்பதே கப்பலின் ஆயுள். 2014-க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு என்ஜின் தர மறுத்ததால், ரஷ்யாவின் கலினின்கிராடில் உடல் கட்டிய இதே குடும்பத்துக் கப்பல்கள் என்ஜினின்றி நின்றன. அவற்றில் இரண்டை நாம் எடுத்துக்கொண்டு, என்ஜின்களை உக்ரைனிடம் நாமே வாங்கி அந்த ரஷ்யக் கப்பல் கட்டும் தளத்துக்கு அனுப்பினோம். துஷில் 2024 டிசம்பரிலும், தமால் 2025 ஜூலையிலும்தான் கடற்படையில் சேர்ந்தன.

நீலகிரியில் உந்துவிசிறியைச் சுழற்றும் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு டீசல், ஒரு டர்பைன். நிதானமாக ரோந்து போக டீசல்; விரட்ட டர்பைன். மெதுவாக ஓடும்போது டர்பைன் எரிபொருளைக் குடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. அந்த எல்.எம்.2500 டர்பைன் அமெரிக்க வடிவமைப்புதான், முழுக்க நம்முடையதல்ல. ஆனால் பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். அதைப் பூட்டிச் சோதிக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்திலும் அதே வகைதான் ஓடுகிறது. ஒரே வகை பல கப்பல்களில் ஓடினால் உதிரிப்பாகமும் கைப்பழக்கமும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தல்வார் 2003 முதல் கடலில் உழைத்த கப்பல்; நீலகிரி சேர்ந்ததே 2025 ஜனவரியில். பத்து ஆண்டு உப்புக்காற்று பட்ட பிறகு அதன் பராமரிப்பைப் பற்றி இன்னும் உறுதியாகப் பேசலாம்.

மாதிரியின் ஒரு பக்கத்தை மூடாமல் விட்டேன். டீசலுக்குச் சிவப்பு, டர்பைனுக்கு நீலம் என்று மகளே வண்ணம் பூசினாள்.