பத்து கிலோ குறைந்த கதை: இரண்டு எடைச் சீட்டும் ஒரு டேங்க் பெட்ரோலும்

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'டைட்டானியம் போல்ட் செட்' என்று சொல்லி உங்கள் பைக்கில் யாராவது நீலமும் ஊதாவுமாக மின்னும் போல்ட்டுகளைப் போட்டுத் தந்திருந்தால், முன் பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வி வண்டியை நிறுத்தும் பாகம்) பிடித்திருக்கும் இரண்டையும் இன்றைக்கே கழற்றிச் சோதியுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். என் வண்டியில் அந்த இரண்டும் அலுமினியம். மூன்று மாதம் அவற்றை நம்பி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்திருக்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியும் வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுதாக எழுதுகிறேன். இதே வேலையை வேறு ஊரில் வேறு கடையும் செய்யலாம்.

என்னுடையது 2022 மாடல் கேடிஎம் ஆர்சி 390. 373 சிசி, 43.5 குதிரைத்திறன், கம்பெனி சொல்லும் எடை 172 கிலோ. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் பொதுஜனத்துக்கு விடும் நாட்களில் போய் ஓட்டுவேன். அங்கே 142 கிலோ யமஹா ஆர்15 வைத்திருக்கும் ஒரு பையன் வளைவுக்கு வளைவு என்னை நெருங்கிவிடுவான், நேர்ப் பாதையில்தான் நான் விலகுவேன். எடையைக் குறைத்தால் பிரேக்கைத் தள்ளிப் பிடிக்கலாம், வளைவில் வண்டி சொன்னபடி சாயும். இது உண்மைதான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஆசையோடுதான் கடைக்குப் போனேன்.

"பன்னிரண்டு கிலோ கேரண்டி ப்ரோ" என்றார் கடைக்காரர். கிரேடு 5 டைட்டானியம் போல்ட்டுகள், டைட்டானியத்தில் ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட், லித்தியம் பேட்டரி, கார்பன் ஃபைபர் டெயில், அலுமினியக் கட்டியிலிருந்து சிஎன்சி மெஷினில் கடைந்த ரியர்செட், அதாவது கால் வைக்கும் ஃபுட்பெக்கையும் பின் பிரேக் பெடலையும் தாங்கும் தகடு. எல்லாம் சேர்த்து 1,42,000 ரூபாய். இத்தனையும் அசலாக அந்த விலைக்கு வரவே வராது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில்லு போட்டா பதினெட்டு பர்சன்ட் ஏறும், உங்களுக்கெதுக்கு" என்றார். மூன்று தவணையாக அவருடைய சொந்தக் கணக்குக்கு ஜிபே செய்தேன். கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய பட்டியல் மட்டும்.

எடை போட்ட கதைதான் முக்கியம். வேலை தொடங்கும் முன் லாரிகளுக்கு எடை போடும் மேடைக்கு அவரே கூட்டிப் போனார். வழியில் பங்க்கில் நிறுத்தி, "ஃபுல் டேங்க்ல போட்டாதான் ப்ரோ கரெக்ட் வெயிட் தெரியும்" என்று டேங்க்கை நிரப்பச் சொன்னார். நாணயமான ஆள் என்று நினைத்தேன். சீட்டில் 170 கிலோ என்று வந்தது. பதினோரு நாள் கழித்து வேலை முடிந்ததும் அதே மேடை. இந்த முறை 160. இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டார், தன் கடை விளம்பரத்துக்கு. மீதி இரண்டு கிலோ போகப் போக ஸ்ப்ராக்கெட்டில் குறைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரிசர்வ் விளக்கு எரிந்தது. டெஸ்ட் ரைடு ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பெட்ரோல் போட்டேன்.

இந்த வண்டியின் டேங்க் 13.7 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அப்படியானால் நிரம்பிய டேங்க்கில் இருப்பது பத்து கிலோ பெட்ரோல். லாரி மேடை ஐந்து கிலோ, பத்து கிலோ படியில்தான் காட்டும், நடுவில் இருப்பதைப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடும். நிரம்பிய டேங்க்கோடு ஒரு சீட்டு, காலி டேங்க்கோடு இன்னொரு சீட்டு. இந்தக் கணக்கைப் போட எனக்கு மூன்று மாதம் ஆனது. போடும்படி செய்தது ஒரு முறிந்த ஃபுட்பெக்.

ட்ராக்கில் மூன்றாவது சுற்று. வலது வளைவுக்கு முன் உடம்பை நகர்த்த வலது காலில் எடையை ஊன்றினேன். கால் கீழே போய்விட்டது. ரியர்செட்டின் தகடு ஃபுட்பெக் பொருந்தும் இடத்தில் இரண்டாக முறிந்து, பின் பிரேக் பெடலும் அதோடு தொங்கியது. முன் பிரேக்கை மட்டும் வைத்து வேகத்தைக் குறைத்துப் புல்லுக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன். முழங்காலில் சிராய்ப்பு, கணுக்காலில் வீக்கம், அவ்வளவோடு போயிற்று. அந்த நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு அலுமினிய போல்ட் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

முறிந்த தகட்டை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, கட்டியிலேர்ந்து கடைஞ்சதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"யாரு சொன்னா தம்பி? இது வார்ப்பு. முறிஞ்ச எடம் சக்கரை மாதிரி பொறுபொறுன்னு இருக்கு, உள்ள ஊசி ஓட்டை பாரு. கடைஞ்ச பீஸா இருந்தா மொதல்ல வளையும், இப்படிப் படக்குனு போவாது. மேல தெரியிற கோடெல்லாம் கடைசியா ஒருவாட்டி மில்லிங்ல ஓட்டுனது."

வார்த்த அலுமினியம் தானே கெட்டதில்லை. எத்தனையோ கம்பெனி பாகங்கள் வார்த்தவைதான். ஆனால் அவை தேவையான தடிமனோடு, சோதித்து வருபவை. இது கடைந்த பாகத்தின் மெல்லிய வடிவத்தை அப்படியே காப்பியடித்து, காற்றுக்குமிழிகளோடு வார்த்தது. 78 கிலோ ஆள் அதன் மேல் நிற்கிறான்.

அதற்கப்புறம் எதையும் நம்ப முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினோம். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. இந்தக் காந்தச் சோதனையைத்தான் கடைக்காரர் எனக்குச் செய்து காட்டியிருந்தார். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, உண்மை. அலுமினியமும் ஒட்டாது, 304 ஸ்டெயின்லெஸும் பெரும்பாலும் ஒட்டாது. அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அண்ணன் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம், நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும். போல்ட்டை எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். போல்ட்டை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் போல்ட்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுத்தால் எஃகுக்கு 7.8 பக்கம் வரும், டைட்டானியத்துக்கு 4.4 அல்லது 4.5, அலுமினியத்துக்கு 2.7. என் காலிப்பர் போல்ட் 13.5 கிராம், தண்ணீரில் காட்டியது 5.0. வகுத்தால் 2.7. அசல் டைட்டானியமாக இருந்தால் அதே போல்ட் 22 கிராம் இருந்திருக்க வேண்டும், பழைய எஃகு போல்ட் 39. தலையில் லேசரில் டைட்டானியம் என்று பொறித்திருந்தது. மரையில் கத்தியால் சுரண்டியதும் நீலச் சாயம் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

தலையில் 10.9 என்று பொறித்த எஃகு போல்ட் சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் இழுவை தாங்கும். கிரேடு 5 டைட்டானியம் 900 பக்கம். சாதாரண 6061 அலுமினியம் 300 சொச்சம். வெளிப்புற பிளாஸ்டிக் மூடியான ஃபேரிங்கைப் பிடிக்க அலுமினிய போல்ட் போட்டால் தவறில்லை. காலிப்பரில் போட்டது கொலைக்குச் சமமான அலட்சியம். வேறு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை.

பேட்டரி இன்னும் பயங்கரம். சீட்டைத் தூக்கியபோது நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வந்தது, பேட்டரியின் பக்கச் சுவர் லேசாக உப்பியிருந்தது. நானே பிரிக்கவில்லை, நீங்களும் பிரிக்காதீர்கள். மின் ஸ்கூட்டர் பேட்டரி வேலை தெரிந்த ஒருவர் வெட்டவெளியில் வைத்துப் பிரித்தார். மேலே எழுதியிருந்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். உள்ளே இருந்தவை லேப்டாப் பேட்டரிகளில் வரும் 18650 லித்தியம் அயான் செல்கள், மூன்று மூன்றாகத் தொடரில் இணைத்தவை. பாதுகாப்புச் சர்க்யூட் எதுவும் இல்லை. பாஸ்பேட் செல் ஒன்று 3.65 வோல்ட் வரை ஏறலாம், நான்கு சேர்ந்தால் 14.6. அதனால்தான் பைக்கின் சார்ஜிங்கோடு அது பொருந்துகிறது. லித்தியம் அயான் செல்லின் உச்சம் 4.2, மூன்று சேர்ந்தால் 12.6 தான். என் வண்டி சார்ஜ் செய்வதோ மல்டிமீட்டரில் பார்த்தால் 14.2 வோல்ட். ஒவ்வொரு செல்லுக்கும் 4.7 வோல்ட்டுக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அது எரியாமல் இருந்ததற்குக் காரணம் எதுவும் கிடையாது. அந்த பேட்டரியின் மேல், பெட்ரோல் டேங்க்குக்குப் பின்னால், மூன்று மாதம் உட்கார்ந்து ஓட்டினேன். ஒருநாள் என் தம்பி மகள் முன்னால் உட்கார்ந்து தெரு முனை வரை வந்தாள்.

டெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, அடியில் வெள்ளை ஃபைபர்கிளாஸ். கழற்றித் திருப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கம்பெனி பிளாஸ்டிக்கைவிட அது கனம். எக்ஸாஸ்ட் டைட்டானியம் இல்லை, மெல்லிய ஸ்டெயின்லெஸ். ஆனாலும் பழையதைவிட லேசுதான்.

கடைசியாக வண்டியை நானே எடை போட்டேன். குளியலறையில் நாம் ஏறி நின்று பார்க்கும் டிஜிட்டல் தராசு இரண்டு. முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் ஒன்றில், ஆளைத் தொட்டுப் பிடிக்கச் சொல்லி நேராக நிறுத்தி, இரண்டையும் கூட்டினேன். டேங்க் நிரம்பி 168 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. 1,42,000 ரூபாய்க்குக் குறைந்தது நாலு கிலோ சொச்சம். அதில் இரண்டு கிலோ அந்த பேட்டரி.

கடைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். ப்ரோ என்று கூப்பிட்டவர் சார் ஆக்கினார். "ட்ராக்ல ஓட்டுனா வாரண்டி கிடையாது சார், சப்ளையர் ஏமாத்திட்டான் சார்." கழற்றிய கம்பெனி பாகங்களையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். எக்ஸாஸ்ட்டில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு உண்டு, பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்றார். மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

என் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே சொன்னது. பிரிவு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டியை நான் ரோட்டில் ஓட்டித்தான் ட்ராக்குக்குப் போனேன். வழியில் யார் மேலாவது மோதியிருந்தால் இன்சூரன்ஸ் என்ன சொல்லியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ட்ராக்குக்கு மாற்றிய வண்டி ட்ராக்குக்கு டெம்போவில் போக வேண்டும்.

பில் இல்லாததால் எதுவும் செய்ய முடியாது என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை. ஜிபே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், துண்டுச் சீட்டு, அவர் தன் விளம்பரத்தில் போட்ட என் வண்டியின் படம், எல்லாவற்றையும் வக்கீல் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். முதலில் 1915-க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கடை பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இணையத்திலேயே போடலாம். முறிந்த தகடு, போல்ட்டுகள், பிரித்த பேட்டரியின் படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். செல்களை மட்டும் மின்கழிவு எடுப்பவரிடம் முறைப்படி கொடுத்துவிட்டேன்.

இனி எடை குறைக்க யாரிடமாவது கொடுத்தால் ஒன்றை மட்டும் கேட்பேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், போடும் ஒவ்வொரு பாகத்தையும் என் கண் முன்னால் சமையலறைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். முழு வண்டியை லாரி மேடையில் ஏற்றிக் காட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுவேன். கழற்றியவை அன்றைக்கே என்னோடு வீட்டுக்கு வர வேண்டும்.

வண்டியில் இப்போது கம்பெனி போல்ட்டுகள், கம்பெனி பேட்டரி, கம்பெனி ஃபுட்பெக். எக்ஸாஸ்ட் மட்டும் இன்னும் வாங்கவில்லை. புதிது வாங்க இன்னும் பணம் சேர்க்க வேண்டும், அதுவரை வண்டி வாசலில் மூடித்தான் நிற்கிறது. அதே கடையில் வேலை பார்த்த வண்டிகள் இன்னும் குறைந்தது இருபதாவது ஓடிக்கொண்டிருக்கும், விளம்பரப் படங்களில் எண்ணிப் பார்த்தேன். அவர்களில் நான்கு பேரைத்தான் கண்டுபிடித்துச் சொல்ல முடிந்தது. இரண்டு பேருடைய காலிப்பர் போல்ட்டும் 2.7.