கணக்குப்பிள்ளையின் கடைசிப் பக்கம்: மஞ்சள் அணியோடு பதினோரு பருவம்

குளிர்பதனப் பெட்டியையும் கைப்பேசியையும் ஓராண்டு வைத்திருந்துவிட்டு அனுபவம் எழுதுகிறார்கள். நான் 2014 முதல் 2025 வரை பதினோரு பருவம் கைவிடாமல் வைத்திருந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் ஆடும், கொச்சியின் மஞ்சள் சட்டைக்காரர்களான கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி. இந்தக் காலத்தில் மூன்று இறுதிப்போட்டிகள், மூன்றிலும் தோல்வி, கோப்பை ஒன்றும் இல்லை. உத்தரவாத அட்டை எதுவும் தரப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வள்ளவிளைக்காரன். எங்கள் கரையில் நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர் வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாத்தாக்களும் திருவனந்தபுரத்துக்கு வரி கட்டியவர்கள்தாம். ஊரின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்கின்றன. அங்கே இரண்டு படகுகளுக்கு நான் கணக்குப்பிள்ளை. டீசல், ஐஸ், சாமான், ஏலத்தொகை, தரகு, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதுவதுதான் பிழைப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் படகைச் சேராத ஒரு கணக்கு இருக்கும்: அடித்த கோல், வாங்கிய கோல்.

மைத்துனர் காசிமேட்டில் இருக்கிறார், சென்னையின் எஃப்.சி. ஆள். தமிழனாக இருந்துகொண்டு கொச்சிக்குக் கொடி பிடிக்கிறீர்களே என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்பார். எனக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டர், கொச்சியில் அணியின் ஆட்டங்கள் நடந்த கலூர் மைதானம் ஒரு பஸ் தூரம், அவ்வளவுதான் காரணம். 2015-இலும் 2017-18-இலும் அவருடைய அணி கோப்பை வாங்கியது. அந்த இரண்டு ஆண்டும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் அவருக்குத்தான் முதல் தட்டு.

ஆனால் உண்மையான தகராறு மைத்துனரோடு அல்ல. எங்கள் பெரிய படகை ஓட்டிப்போகும் தலைவரான ஸ்ராங்கு அண்ணனோடு. முப்பது நாள், நாற்பது நாள் கரை காணாமல் சுறாவும் கேரை என்கிற சூரை மீனும் தேடிப் போகிற மனிதர். அவருக்கு இந்த அணியின் ஆட்டத்தைக் கண்டாலே எரிச்சல். "கரையைப் பிடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். அலை பார்த்துத் திரும்புகிறவனுக்கு எதற்கு ஆழ்கடல் படகு?" என்பார். முன்னால் ஒருவனைத் தனியே விட்டுவிட்டு மற்ற ஒன்பது பேரும் தம் கோலுக்கு முன்னால் கூடு கட்டுவதை அவர் ஆட்டமாகவே சேர்ப்பதில்லை. துறைமுகத் தேநீர்க் கடைச் சேட்டனும் அவர் பக்கம். அறுபதாயிரம் பேர் தொண்டை வறளக் கத்துவது பந்தைப் பின்னால் தட்டுவதைப் பார்க்கவா என்று அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

என் பதில் எப்போதும் நோட்டுதான். 2014-இல் பதினான்கு லீக் ஆட்டங்களில் நாம் அடித்தது 9 கோல், வாங்கியது 11. நான்காம் இடத்தில் ஒட்டிக்கொண்டு அரையிறுதிக்குள் நுழைந்தோம். அங்கே சென்னையைக் கொச்சியில் 3-0 என்று வென்றோம். சென்னையில் அதே 3-0 திருப்பிக் கிடைத்தது. கூடுதல் நேரத்தின் 117-ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலில் தப்பி இறுதிக்குப் போனோம். மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோலைப் பார்த்தேன். வாழ்நாளில் நான் சத்தமில்லாமல் மகிழ்ந்த ஒரே நேரம் அது.

அடுத்த ஆண்டு 2015. கோல் மழை! 22 கோல்கள் அடித்தோம், முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வாங்கியது 27. எட்டு அணிகளில் எட்டாம் இடம். 2016-இல் மறுபடி சிக்கனம்: அடித்தது 13, வாங்கியது 15, இரண்டாம் இடம், இறுதிப்போட்டி. கஞ்சத்தனமாக ஆடிய இரண்டு ஆண்டும் இறுதிக்குப் போனோம், கையை அவிழ்த்துவிட்ட ஆண்டு அடியில் கிடந்தோம். இதைக் காட்டினால் அண்ணன் நோட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வார்: "உன் நோட்டில் மீனின் எடை இருக்கிறது மக்கா, சுவை இல்லை."

சுவையைப் பற்றியே சொல்கிறேன். 2016 அணியோடு இருந்த அனுபவம் முதல் ஒரு மாதம் கசப்புதான். பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஸ்டீவ் கொப்பல். முதல் ஆட்டம் 0-1, இரண்டாவது 0-1, மூன்றாவது 0-0. அந்தப் பருவத்தின் முதல் கோல் நான்காவது ஆட்டத்தில்தான், மும்பைக்கு எதிராக, மைக்கேல் சோப்ரா காலிலிருந்து வந்தது. அதுவரை மைதானத்தில் பந்தைப் பார்ப்பதா கூரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கண் பழகிவிட்டது. பார்க்க வேண்டியது பந்தை அல்ல, பந்தில்லாதவர்களை என்று புரிந்தது. நடுவில் வட அயர்லாந்தின் ஆரோன் ஹியூஸ், பிரான்ஸின் செட்ரிக் ஹெங்பார்ட். பக்கத்தில் சந்தேஷ் ஜிங்கன். அவர்களுக்கு முன்னால் இன்னொரு நால்வர் வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளி விடமாட்டார்கள். எதிரணி பந்தை வலத்திலிருந்து இடம், இடத்திலிருந்து வலம் என்று உருட்டிக்கொண்டே இருக்கும். எட்டுப் பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல அந்தப் பக்கம் நகர்வார்கள், இந்தப் பக்கம் நகர்வார்கள். பொறுமை கெட்டு ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கிப் போடுவார்கள். ஹெங்பார்ட் தலை அங்கே இருக்கும். மறுபடி தூக்குவார்கள், மறுபடி அதே தலை. எண்பதாவது நிமிடத்தில் 1-0 என்று முன்னால் இருக்கும்போது மேல் வரிசையில் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, பலகை போட்டு அடைத்த ஐஸ் அறைக்குள் நிறைய மீன் இருக்கிறது என்று தெரிந்து கரை திரும்புவதைப் போன்றது. கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அக்காள் மகன் ஊர் அணியில் வலப்பக்கத் தற்காப்பு ஆடுகிறான். ஊரில் கால்பந்து என்றால் எல்லாப் பையன்களுக்கும் மைக்கேல் சூசைராஜ் ஆக வேண்டும். அவர் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர், ஐ.எஸ்.எல். வரை போனவர், இடக்கால் மன்னர். என் மருமகனுக்கு மட்டும் ஜிங்கன். "மாமா, கோல் அடித்தவனைத் தோளில் தூக்குகிறார்கள், கோல் விழாமல் செய்தவனுக்குத் தண்ணீர்ப் பாட்டில்கூடக் கடைசியாகத்தான் வருகிறது" என்று ஒருநாள் சொன்னான். பதின்மூன்று வயதில் சொன்னான். அன்றிலிருந்து என் கட்சி உறுதியாகிவிட்டது.

அந்தப் பருவத்தில் ஒரு கறை உண்டு. நவம்பரில் மும்பையில் 0-5, டியகோ ஃபோர்லான் மூன்று அடித்தார். வாங்கிய 15 கோலில் ஐந்து அந்த ஒரே இரவில் வந்தவை. படகு அப்போது கடலில் இருந்தது. கரையிலிருந்து படகு படகாக வயர்லெஸ்ஸில் போன சேதியில் "மும்பை ஆட்டம், ஐந்து பூஜ்ஜியம்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. நாம்தான் அடித்தோம் என்று ஸ்ராங்கு அண்ணன் ஒரு வாரம் மனம் குளிர்ந்து கிடந்தாராம். கரையில் கால் வைத்ததும் என்னைக் கட்டிப்பிடித்தார். உண்மையைச் சொல்ல எனக்குத் தேநீர் குடித்து முடிக்கும் வரை துணிவு வரவில்லை.

அந்த டிசம்பர் 18 இறுதிப்போட்டி கொச்சியிலேயே நடந்தது. நம் முகமது ரஃபி 37-ஆவது நிமிடத்தில் தலையால் அடித்தார். ஏழே நிமிடத்தில் கொல்கத்தாவின் செரெனோ சமன் செய்தார். பிறகு பெனால்டி. எதிரணியின் முதல் உதையை எடுக்க வந்தவர் இயான் ஹியூம், 2014-இல் நம் சட்டை போட்டு நம் செல்லப்பிள்ளையாக இருந்தவர். அதை நம் கோல்கீப்பர் கிரஹாம் ஸ்டாக் தடுத்தார். அப்படி இருந்தும் 3-4 என்று தோற்றோம். வெளியே வந்து தோப்பும்படி வரை யாரும் யாரோடும் பேசவில்லை. நாங்கள் தோற்றது பெனால்டியில். எச்சரிக்கையான ஆட்டத்தின் மேல் அந்தப் பழியைப் போட நான் அன்றும் சம்மதிக்கவில்லை, இன்றும் இல்லை.

2017 பருவத்தின் பக்கம் என் நோட்டில் காலியாக இருக்கிறது. நவம்பர் 30 அன்று ஒக்கி புயல். அதன் பிறகு பல வாரங்கள் நான் எழுதிய கணக்கு வேறு.

அண்ணன் சொல்வது சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் பருவம் ஒன்று உண்டு, 2018-19. பதினெட்டு ஆட்டம்: வெற்றி 2, டிரா 9, தோல்வி 7. ஒன்பது டிராவுக்கு ஒன்பது புள்ளி. மூன்று ஆட்டத்தை வென்று ஆறு ஆட்டத்தைத் தோற்றிருந்தாலும் அதே ஒன்பது புள்ளிதான். அதற்கு இத்தனை பயம் எதற்கு? முன்னிலையில் இருப்பவன் காப்பது வேறு. காப்பதற்கே ஒன்றுமில்லாதவன் காப்பது வேறு. வெறும் ஐஸ் அறைக்கு எதற்குப் பூட்டு? அந்த ஆண்டு மஞ்சள் இருக்கைகள் பல காலியாகக் கிடந்தன. டிசம்பரில் பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸ் விடைபெற்றார். நானும் சில ஆட்டங்களுக்குப் போகவில்லை, கணக்கை மட்டும் எழுதிவைத்தேன்.

பதினோரு பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டத்தை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 2021-22 பருவம் கொரோனா காரணமாக முழுவதும் கோவாவில், இறுதிப்போட்டி தவிர ஆளில்லா மைதானங்களில் நடந்தது. செர்பியாவின் இவான் வுகோமனோவிச் பயிற்சியாளராக வந்திருந்தார். பந்தை இழந்த இடத்திலேயே பறிக்க ஓடினார்கள். அட்ரியான் லூனா, அல்வாரோ வாஸ்கெஸ், பெரேரா டியாஸ். பத்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை. தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன்னால் ஸ்ராங்கு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கணக்கு: அடித்தது 34, வாங்கியது 24. மூன்றாவது இறுதிப்போட்டிக்குப் போனோம், ஹைதராபாத்துக்கு எதிராக. ராகுல் கே.பி. ஒரு கோல் போட்டார். 88-ஆவது நிமிடத்தில் சாஹில் தவோரா தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். பெனால்டியில் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார். "கோல் போட்டதும் கரைக்குத் திரும்பினார்கள், பார்த்தாயா?" என்றார் அண்ணன். துணிந்து ஆடினாலும் பெனால்டியில்தானே வந்து நின்றோம் என்றேன் நான். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

உண்மையில் எங்கள் இருவர் கையும் ஒரே பக்கம் நீள்வது நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். 2014-இலிருந்து 2021 வரை எந்தப் பயிற்சியாளரும் தொடர்ந்து இரண்டு முழுப் பருவம் இருந்ததில்லை. இவான் மூன்று பருவம் இருந்தார், மூன்றிலும் லீக் சுற்றைத் தாண்டினோம். அவர் போனபின் வந்த ஸ்வீடனின் மிக்கேல் ஸ்டாரே 2024 டிசம்பரைத் தாண்டவில்லை. ஆட்களும் அப்படியே. 15 கோல் அடித்த ஓக்பெச்சே அடுத்த பருவம் மும்பையில். வாஸ்கெஸ் கோவாவில், டியாஸ் மும்பையில். இந்த அணியிலேயே வளர்ந்த சகல் அப்துல் சமது 2023-இல் மோகன் பகானில். 2023-24-இல் 13 கோல் அடித்து, அதிகக் கோலுக்கான தங்கக் காலணி வாங்கிய டியாமன்டகோஸ் அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்காலில், கூடவே ஜீக்சன் சிங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், சம்பளம், ஒப்பந்தம், வீரரின் விருப்பம். நானும் கணக்குப்பிள்ளைதான், காரணம் எழுதத் தெரியும். ஆனால் வலையை விற்று டீசல் போடுகிற முதலாளியை எங்கள் துறைமுகத்தில் யாரும் எச்சரிக்கையானவர் என்று சொல்வதில்லை. 2024-25-இல் எட்டாம் இடம் வந்தபோது மஞ்சப்படை ரசிகர்களே வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டினார்கள். அது ஆட்டமுறைக்கு எதிராக வந்த கோபம் என்று நான் நினைக்கவில்லை.

எச்சரிக்கையை அடியோடு மறந்த இரவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 2023 மார்ச் 3. பெங்களூரில் சுனில் சேத்ரி சட்டென்று எடுத்த ஃப்ரீ கிக் கோலாக ஏற்கப்பட, கூடுதல் நேரத்தில் எங்கள் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. நான்கு கோடி ரூபாய் அபராதம், இவானுக்குப் பத்து ஆட்டத் தடை. ஸ்ராங்கு அண்ணனுக்குப் பதினோரு பருவத்தில் மிகவும் பிடித்த இரவு அதுதான். எனக்கு அந்த நான்கு கோடியை எந்தப் பத்தியில் எழுதுவது என்றே தெரியவில்லை.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கலூர் நடைபாதையில் விற்கும் சட்டையை வேறு துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். என் வேட்டி ஒன்று இன்றும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டுக்கு ஒருமுறை இணையத்தில் பணம் கட்டியபோது இரண்டு தடவை பிடித்துக்கொண்டார்கள், திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ 2017-இல் வந்தபின் மைதானத்துக்குப் போவது எளிதாகிவிட்டது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாட்டும் கொட்டும் நன்றாக இருக்கும், ஆட்டம் புரியாது. தற்காப்பு ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டில், மேல் வரிசையில், நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். நான்கு பேர் வரிசை நகர்வது அங்கிருந்துதான் தெரியும். குழித்துறைப் பக்கம் திரும்புகிறவர்கள் ரயிலைப் பிடிக்க எண்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். எங்கள் கோல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விழுகின்றன, இரண்டு பக்கமும்.