பிஓசி ஸ்கிரிப்ட்: பாஷா, பைதானா?

சேல்ஸ் இன்ஜினியர் வேலைக்கு எவ்வளவு கோடிங் தெரிந்திருக்க வேண்டும்? வாடிக்கையாளர் தரும் சிஎஸ்வி-யை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) படித்து, நம் புராடக்டின் ஏபிஐ-யை (வேறு புரோகிராம்கள் அதோடு பேசும் வழி) கூப்பிட்டு, ஜேசன் வடிவத்தில் திரும்பி வரும் தகவலைப் பிரித்துக் காட்டத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதுதான் பிஓசி ஸ்கிரிப்ட், அதாவது வாங்கும் முன் புராடக்ட் வேலை செய்யும் என்று நிரூபித்துக் காட்டும் சின்ன புரோகிராம். 50 வரி, மிஞ்சினால் 200 வரி. அதை டெர்மினலின் கட்டளை மொழியான பாஷில் எழுதுவதா, பைதானில் எழுதுவதா என்பதுதான் சண்டை. என் ஓட்டு பைதானுக்கு.

பாஷுக்கு உள்ள நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. இணையத்தில் கேட்டு வாங்கித் தரும் கர்லும், ஜேசனைப் பிரிக்கும் ஜேக்யூவும் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் டெமோ தயார். ஏபிஐ ஆவணத்தில் இருக்கும் கர்ல் வரியை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். மீட்டிங் நடுவே "இந்த ஃபீல்டும் வருமா?" என்று யாராவது கேட்டால் டெர்மினலிலேயே அடித்துக் காட்டிவிடலாம். அந்த இடத்தில் பைதான் கிட்டே வராது.

ஆனால் பிஓசி ஸ்கிரிப்ட் நம் லேப்டாப்போடு நிற்பதில்லை. டீல் முடிந்த பிறகும் வாடிக்கையாளரின் அட்மின் அதை ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் மெஷின் நம் கையில் இல்லை. மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2 தான், உரிமச் சிக்கலால் ஆப்பிள் அதற்கு மேல் போகவில்லை. அசோசியேட்டிவ் அரே (பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) 4.0-இல்தான் வந்தது என்பதால், லினக்ஸில் ஓடிய ஸ்கிரிப்ட் அங்கே படுத்துவிடும். "நேற்றைய தேதி" எடுக்கும் டேட் கட்டளைக்கு இரண்டிலும் ஆப்ஷன் வேறு. விண்டோஸ் எடிட்டரில் திறந்து சேமித்தால் வரிக்கு வரி கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொள்ளும், முதல் வரியிலேயே "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று நிற்கும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். தீர்மானிக்கும் விஷயம் வேறு: உடையும்போது, ஏன் உடைந்தது என்று எது சொல்கிறது?

சர்வர் 502 என்ற பிழை எண்ணைக் கொடுத்து ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெயில் ஆப்ஷன் போடாத கர்லுக்கு அது வெற்றி; எக்ஸிட் கோடு பூஜ்யம், அதாவது பிழை இல்லை. அந்தப் பக்கம் பைப் வழியாக ஜேக்யூவுக்குப் போகிறது. அது "பார்ஸ் எரர், இன்வாலிட் நியூமெரிக் லிட்டரல்" என்று கத்துகிறது. அட்மினுக்கு என்ன புரியும்? "உங்க டூல் வேலை செய்யல" என்று மெயில் வரும். இன்னொன்று இதைவிட மோசம். ப்ராக்ஸி (கம்பெனி நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர்) பாஸ்வேர்டு கேட்டு 407 அனுப்பினால் கர்ல் பிழை சொல்லும்தான். சைலன்ட் ஆப்ஷன் அதையும் விழுங்கிவிடும். காலியாக வந்த உள்ளீட்டைப் பார்த்து ஜேக்யூ ஒன்றும் சொல்லாமல் வெற்றி என்று முடித்துக்கொள்ளும். கர்லுக்கு ஃபெயில், ஷோ எரர், பாஷுக்கு பைப்ஃபெயில் என்று மூன்று ஆப்ஷனையும் போட்டால் நிலைமை தேறும். ஆனால் போட நினைவிருக்க வேண்டுமே.

பைதானில் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி 407-ஐ ப்ராக்ஸி எரர் என்று பெயர் சொல்லியே நிறுத்தும். 502-க்கு நாம்தான் ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸை (பிழை எண் வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் ஃபங்ஷன்) கூப்பிட வேண்டும். ஜேசனைத் தொடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள். பதிலின் முதல் 200 எழுத்தை லாகில் எழுதிவிட்டால் பாதி சப்போர்ட் மெயில் குறையும்.

பைதானிலும் பள்ளம் உண்டு. ரிக்வெஸ்ட்ஸுக்கு டிஃபால்ட் டைம்அவுட் கிடையாது. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால் ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டே இருக்கும். கனெக்டுக்கு 5 விநாடி, ரீடுக்கு 30 என்று கொடுங்கள். ரீட்ரை போட்டால் 429, 502, 503 ஆகிய பிழை எண்களுக்கு மட்டும் போதும். தகவலை ஏற்றும் போஸ்ட் டிஃபால்டாக ரீட்ரை ஆகாது, அதை அப்படியே விடுங்கள். இல்லையென்றால் ஒரே ரெக்கார்டு இரண்டு முறை ஏறும்.

பெரிய தலைவலி சான்றிதழ். கம்பெனி ப்ராக்ஸி எச்டிடிபிஎஸ்-ஐப் பிரித்துப் பார்க்கும் இடங்களில், அவர்களுடைய ரூட் சான்றிதழ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும். ரிக்வெஸ்ட்ஸ் அங்கே பார்க்காமல், தன்னோடு இன்ஸ்டால் ஆகும் செர்டிஃபை என்ற சான்றிதழ் பட்டியலையே பார்க்கும். பைதான் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் பிப், 24.2-இலிருந்து, பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், சிஸ்டம் பட்டியலைப் பயன்படுத்துகிறது. அதனால் இன்ஸ்டால் ஜோராக நடக்கும், ஸ்கிரிப்ட் மட்டும் சான்றிதழ் பிழையில் விழும். சிஸ்டம் பட்டியலைப் பார்க்க வைக்கும் ட்ரஸ்ட்ஸ்டோர் லைப்ரரியை முதல் இரண்டு வரியில் சேர்த்தால் சரியாகும். வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்கி, அதாவது சான்றிதழ் சோதனையையே அணைத்து, அனுப்பாதீர்கள். செக்யூரிட்டி டீம் கண்ணில் பட்டால் பிஓசி அன்றோடு சரி. இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸோடு வரும் கர்ல் ஜெயிக்கிறது. அது விண்டோஸின் பட்டியலையே பார்க்கும்.

இன்டர்நெட் இல்லாத சர்வர் என்றால் வீல் கோப்புகளை (பைதான் லைப்ரரிகளின் இன்ஸ்டால் பொதிகள்) முன்பே டவுன்லோடு செய்து எடுத்துப் போக வேண்டும். அங்கே லினக்ஸும் பைதான் 3.9-உம் இருக்க, உங்கள் மேக்கில் 3.12-க்கு எடுத்த பாண்டாஸ் (அட்டவணைத் தகவலைக் கையாளும் லைப்ரரி) வீல் ஏறாது. 5,000 வரி சிஎஸ்வி-க்கு பாண்டாஸ் எதற்கு? பைதானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலே போதும். அக்கவுன்ட் நம்பரின் முன் பூஜ்யத்தையும் அது தின்னாது. எக்ஸல் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த கோப்பில் முதல் காலத்துக்கு மட்டும் கீ எரர் வந்தால் தலைப்பின் முன்னால் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றுங்கள்.

கோ மொழிக்கும் ஆள் இருக்கிறார்கள். ஒரே பைனரி, இன்ஸ்டால் தொல்லை இல்லை, விண்டோஸிலும் மேக்கிலும் சிஸ்டம் சான்றிதழையே எடுத்துக்கொள்ளும். ஆனால் கையெழுத்திடாத இஎக்ஸ்இ-யைப் பூட்டிய மெஷின்களில் ஓடவிட மாட்டார்கள். திறந்து படிக்க முடிகிற ஸ்கிரிப்டுக்கு அங்கே அனுமதி வாங்குவது சுலபம் என்பது என் கணிப்பு; இடத்துக்கு இடம் மாறும்.

20 வரிக்குள், டெமோ அன்று மட்டும், உங்கள் லேப்டாப்பில் மட்டும் என்றால் பாஷே போதும். ஷெல் ஹிஸ்டரியில் டோக்கன் (ஏபிஐ-க்கான ரகசியச் சாவி) தங்கியிருக்கும், ஸ்கிரீன் ஷேருக்கு முன் மேல் அம்புக்குறியை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுங்கள்.